இரண்டாவதாக வந்தேன் என்று எழுதச் சொன்னார்கள்

இந்த ஊரில் ஒரு பொம்பளை ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பின்னால் யானை வருகிறது. சேரங்கோட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, சிலோனில் நம் தோட்டத்தில் ஓடுவதுபோல ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பாடியே பின்னால் ஓடி வருகிறது. நாம் லயம் என்கிற கூலி வீட்டு வரிசையை இங்கே பாடி என்கிறார்கள். பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஒருத்தி. "ஆனை எங்க புள்ள?" என்று இரைத்தார்கள். யானை இல்லை, பெரட்டுக்குத்தான் ஓடினேன் என்றதும் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "சிலோன்காரிக்குக் கிறுக்கு" என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து நடக்கிறேன். அட்டன் பக்கம் இன்னும் லயத்தில் இருக்கிற நம் ஆட்களுக்கும், கப்பலேறி வந்து இந்த மலைகளில் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

உங்களில் வயதானவர்களுக்கு 'நூறு யார் லெச்சுமி'யை ஞாபகம் இருக்கலாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி மூன்று வருஷம் நூறு கெஜ ஓட்டம் ஓடினேன். ஓடுகிறபோது எனக்கு முன்னால் ஒருத்தியின் முதுகையும் நான் பார்த்ததில்லை. கடைசியாகக் கொழும்பில். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிற ஓட்டம் அது. பெரிய இடத்துப் பிள்ளைகள் ஆணி வைத்த சப்பாத்தோடு வந்து என் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் ரிப்பன் என் நெஞ்சில் அறுந்தது. அந்தக் கையோடு கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பாஸ்போர்ட்டை உன் நாட்டில் எடுத்து வா" என்றார்.

"எந்த நாடு, சேர்?"

"இந்தியாதான், வேறென்ன?"

கடலையே நான் முந்தின நாள்தான் முதல் தடவையாகப் பார்த்திருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு நாடு இருந்ததாம், எனக்குத்தான் தெரியவில்லை. இரண்டாவதாக வந்த பெண் விமானம் ஏறினாள். நான் ரயிலேறி வந்து மறுநாள் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். அழவில்லை. நான் அழுகிற அளவுக்கு அந்த ஆளுக்கு என்ன யோக்கியதை?

பிறகு கல்யாணம், ஒரு மகள். கடைசியில் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்று சொல்லி அந்த 'உன் நாட்டுக்கே' மூட்டை கட்டி அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது, கொழும்பில் ஜெயித்ததற்குக் கொடுத்த சர்டிபிகேட்டைத் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். சேரங்கோட்டிலும் கொழுந்துதான். நான் வேலையிலிருந்து நின்ற சமயம் பார்த்துத் தேயிலை விலை விழுந்தது. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் சின்னத் தோட்டக்காரர்கள் ரோட்டில் கொட்டுகிறார்கள். குன்னூர் ஏலத்தில் தூளை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிறார்களாம். என் மகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, அவள் கூலியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. பழைய விளையாட்டுக்காரர்களுக்கு மாதம் ஒரு தொகை தருகிறார்கள் என்று அவள்தான் கேட்டுக்கொண்டு வந்து என்னை ஊட்டிக்கு அனுப்பினாள்.

ஊட்டியில் ஓடுவதற்கென்றே சப்பாத்து விற்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வறுக்கி வாங்க அடிமேல் அடி வைத்து நடக்கிறார்கள். அதையெல்லாம் தாண்டி ஆபீசுக்குப் போனேன். கோயமுத்தூர்க்காரக் கிளார்க், நல்ல மனுஷன்தான், நாற்காலியெல்லாம் போட்டார். சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இது சிலோனுதுங்க. இங்க செல்லாதுங்க. உங்க நாட்டுலதான் கேக்கோணும்."

"எந்த நாடு, சேர்?" வாய் தானாகக் கேட்டது.

அவர் பாவம் பார்த்தவர்போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்குதுங்க. என்ற மச்சான் கோயமுத்தூர்ல ட்ரில் மாஸ்டருங்க. அந்தக் காலத்துல நீங்க அங்க ஓடுனதா ஒரு கடுதாசி எழுதி வாங்கிக்கலாமுங்க. ஆனா ரெண்டாவது வந்ததாத்தான் போடோணும். மொதல் வந்தவிய பேரு ரிக்கார்டுல இருக்குதுங்களே, யாராச்சும் பாத்தா மாட்டிக்குவோம்."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே ஒருவன் முதலாவது வந்தவளை விட்டுவிட்டு இரண்டாவது வந்தவளை அனுப்பினான். இங்கே ஒருவர் முதலாவது வந்தவளையே இரண்டாவதாக்கிச் சோறு போடுகிறேன் என்கிறார். அவனாவது விரட்டினான். இவர் இரக்கப்படுகிறார், அதுதான் தாங்கவில்லை.

"சேர், நான் ரெண்டாவது வந்ததே இல்லீங்களே" என்றேன்.

"ஒரு கையெழுத்துதானுங்கம்மா."

சர்டிபிகேட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் வரும்போது மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் வயிற்றில் நானே அடித்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதற்காகத் திரும்பிப் போயிருப்பேனா என்றால், மாட்டேன்.

சேரங்கோட்டில் இறங்கியபோது இலை நிறுக்கிற நேரம். பாடிக்குப் போகிற ரோடு நேராகக் கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன். அறுபதைத் தாண்டிய முழங்கால், ஆனாலும் பாதத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஓடினேன். அவ்வளவுதான், எடை போடுகிற இடத்தில் சாக்கையெல்லாம் போட்டுவிட்டு எழுந்தது கூட்டம். "ஆனை! ஆனை!" மேஸ்திரி, பாடிக்காரர்கள், சின்னதும் பெரிசுமாக எல்லாரும் என் பின்னால். அதில் என் மகளின் குரலும் கேட்டது. "அம்மா, என்னம்மா ஆச்சி? கெடச்சிச்சா?"

நான் நிற்கவில்லை. பின்னால் யானை இல்லை, முன்னால் ரிப்பனும் இல்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் ஒருவர் முதுகும் இல்லை.