செட் மாத்திரை

சோமனூர்த் தறிக்கூடத்தை விட்டுக் கிளம்பி, வலது கால் செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்திருந்தது. செருப்பு வார் பட்டாலே உயிர் போயிற்று. குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தேன்.

முதலாளி மொபெட்டில் வந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏனுங்க, சொல்லாமக் கொள்ளாம எங்க கிளம்பிட்டீங்க?"

"நிக்க முடியலீங்க."

"அதுக்குத்தானுங்க இது." ஒரு காகிதப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் செருகினார். "போட்டுப்போட்டு ராத்திரி ஷிப்டுக்கு வந்துருங்க. நீங்க இல்லீன்னா அத்தனை தறியும் நிக்குமுங்க."

தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அதற்குச் செட் என்று பேர். மருந்துக் கடையில் போய் "கால் வலிக்கு ஒரு செட்" என்றால், பாட்டிலிலும் அட்டையிலும் இருந்து வகைக்கு ஒன்றாக எடுத்து மடித்துக் கொடுப்பார்கள். எதிலும் பேர் இருக்காது. எங்கள் முதலாளி மொத்தமாக வாங்கி வைத்து, முடியாதவர்களுக்கு டீயோடு கொடுப்பார். நல்ல மனுஷன். அதை உதவியாகத்தான் செய்தார், நாங்களும் உதவியாகத்தான் வாங்கிக்கொண்டோம். விழுங்கி, தறியில் ஒரு பாவின் நூல்களை முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் வலி இறங்கிவிடும். பசியும் நன்றாக எடுக்கும். எனக்குக் கன்னம் உப்பி முகம் வட்டமாகியிருந்தது. முதலாளியின் மனைவி, "எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கிச்சுங்க" என்று சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்தக் கூடத்தில் யாரும் அதிகம் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் இழை அறுந்த தறி அப்படியே நிற்கும்.

அன்று காலை இரண்டு செட் போட்டும் வலி அசையவில்லை. வயிறு மட்டும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. காலை வைத்துத்தான் நான் ஊர் ஊராகப் பிழைத்தேன். அது போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "கண்ணு, காலை மடக்கு, கூடை வெக்கோணும்" என்றார்.

"மடங்காதுங்கம்மா."

"அப்ப அது மேலயே வெச்சுக்கட்டுமா?" என்று சிரித்தவர், குனிந்து விரலைப் பார்த்ததும் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கோயமுத்தூர் வரும்வரை அதை இறக்கவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைத் தொடவில்லை. முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

மதுக்கரையில் மூட்டை தூக்கியபோது ஒரு டாக்டர் தினமும் போடச் சொன்ன மாத்திரையின் அட்டையைக் காட்டினேன்.

"தினமும் போட்டீங்களா?"

"வலி வந்தா ரெண்டு மூணாப் போடுவனுங்க. நின்னா விட்டுருவன்."

"இது வலி மாத்திரையே இல்லீங்க. ரத்தத்துல யூரிக் ஆசிட்டைக் குறைக்கறது. அது ஏறித்தான் உங்க மூட்டு வீங்குது. நீங்க நினைச்சப்பப் போட்டு நினைச்சப்ப விட்டா, அதுவே வலியைக் கிளப்பிவிடும். குடிப்பீங்களா?"

"கெடைச்சா."

"ஈரல், குடல் கறி சாப்பிடுவீங்களா?"

"அதுவும் கெடைச்சாத்தானுங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "வேற என்ன?" என்றார்.

பொட்டலத்தை எடுத்து வைத்தேன். பிரித்து, மாத்திரைகளைப் பேனா முனையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது வலி மாத்திரை என்றும், அதுதான் வயிற்றை எரித்தது, கிட்னியையும் கெடுக்கும் என்றும் சொன்னார். சின்ன வெள்ளை மாத்திரையில் பேனா நின்றது.

"இது எத்தனை நாளா?"

"முடியாத ஷிப்டுக்கெல்லாம். இப்பக் கொஞ்ச மாசமா எல்லா ஷிப்டுமே முடியாதுதானுங்க."

"இது ஸ்டீராய்டுன்னுதான் நினைக்கறேன். பேரில்லாம உறுதியாச் சொல்ல முடியல. உங்க முகம் வீங்கினது இதனாலதான். சதை போடலீங்க நீங்க."

"அப்ப இன்னையோட விட்டர்றனுங்க."

"விடக்கூடாது!" என்று குரலை உயர்த்தினார். "இத்தனை மாசம் போட்டதைத் திடீர்னு நிறுத்தினா ஆளே விழுந்துருவீங்க. நான் எழுதித் தர்றேன், கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கணும். வாராவாரம் இங்க வரணும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. கிட்னி, சர்க்கரை ரெண்டும் பார்க்கணும். நீங்க காட்டின அட்டை மாத்திரையை இப்ப ஆரம்பிக்க வேண்டாம். வலி அடங்கி, ரிசல்ட் பார்த்து நான் சொல்றேன். அதுக்கப்புறம் தினமும். வலி வந்தாலும் நிறுத்தக்கூடாது. ஆனா தோல்ல தடிப்போ அரிப்போ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வரணும்."

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார். சொன்னதற்கு மேல் ஒன்றுகூடப் போடக்கூடாது, வயிற்றால் போனால் அதை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்றார். கிட்னி கெட்டிருக்குமா என்று கேட்டேன். "தெரியாது, அடுத்த வாரம் வாங்க" என்றார்.

காலைக் காட்டிவிட்டுப் பாலக்காடு தாண்டிப் போய்விடுவது என்றுதான் நான் சோமனூரை விட்டுக் கிளம்பியிருந்தேன். ஒரு ஊரில் இத்தனை வாரம் இரு என்று அதுவரை யாரும் என்னைக் கட்டிப்போட்டதில்லை. பாலக்காடு பஸ் கண் முன்னால் புறப்பட்டுப் போயிற்று. நான் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்கினேன். அங்கிருந்து வாராவாரம் வந்து போகலாம். கொப்பரைக் களங்களில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை களத்துக்காரர் என் காலைப் பார்த்தார். "தோண்டற வேலை பொம்பளைங்க செய்யறதுங்க. கூலி கம்மி. உங்களுக்கு ஆகுமா?"

"ஆகுமுங்க. குடிக்கத் தண்ணி பக்கத்துல இருக்கோணும்."

அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குச் சொம்பு கொண்டாங்கடி" என்றாள் ஒருத்தி. வேறொருத்தி நிஜமாகவே ஒரு குடத்தை நகர்த்தி வைத்தாள். முதலில் ஒரு சொம்பு குடித்துவிட்டு, வெயில் படாத பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, சிரட்டையிலிருந்து தேங்காய்ப் பருப்பைத் தோண்ட ஆரம்பித்தேன்.