நோய்க்கென்று விதைத்த வரிசை

டாலிகஞ்சில் கோதுமைத் தோட்டம் ஒன்றைக் கவனித்துவந்த உத்தியோகஸ்தர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ஒல்லியான மனிதர், விரல்களில் எப்போதும் கோதுமை இலையைப் பிடிக்கும் துருநோயின் செம்பொடி. எந்த ரகம் அந்த நோயைத் தாங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதற்காகவே நடுவில் நோஞ்சான் ரகம் ஒன்றை விதைத்து, அதற்கு வேண்டுமென்றே நோயைத் தொற்றவைப்பார். அதிலிருந்து அது மற்ற வரிசைகளுக்குப் பரவ வேண்டும்.

என் மகனை அம்மைக்குப் பறிகொடுத்திருந்த சமயம். மிஞ்சிய மகளோடு அங்கே போயிருந்தேன். அவள் ஓர் இலையைத் தடவினாள், விரலெல்லாம் சிவந்துவிட்டது.

"ஐயோ, தொடாதேடி!" என்று அலறினேன்.

அவர் அந்தப் பொடியை எடுத்துத் தம் கன்னத்தில் பூசிக்கொண்டார். "இது பயிரைத்தான் பிடிக்கும் ஸார், மனுஷாளை அண்டாது. பயப்படாதேங்கோ."

மகள் சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

பிறகு அவர் பூவாளியை எடுத்து, நோய்ப்பட்ட வரிசைக்கே முதலில் தண்ணீர் தெளித்தார்.

"பிழைக்காததுக்கா முதல் தண்ணி?" என்றேன்.

"இலை நனைஞ்சாத்தான் நோய் நன்னாப் பரவும்."

ஆனால் தெளித்து முடித்ததும், அந்த வரிசையில் சாய்ந்துகிடந்த ஒரு பயிரை நிமிர்த்திக் குச்சியோடு கட்டிவிட்டார்.