பத்து மணி நேரத் தொலைவு

கூடத்துத் தரை ஈரமாக இருந்தது. அக்கா பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். அம்மாவைக் காணோம். வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மா எங்கடா?"

"காலையிலேயே அடக்கம் முடிஞ்சிடுச்சு. மகாராணி வர்ற வரைக்கும் யார் காத்துக்கிட்டிருக்கறது?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்ப்பவள். எந்நேரமும் ஆவிக்குள் நிற்பதால் எல்லோருக்கும் அவள் நீராவி. பெரிய டாக்டரே, "நீராவியம்மா, என் கோட்டு பிழைச்சுதா?" என்றுதான் கேட்பார். "கோட்டு பிழைச்சிடுச்சு, பட்டன்தான் போய்ச் சேர்ந்துடுச்சு" என்பாள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கியிருந்தாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பயண நேரத்தையும் காட்டும். போன வருடம் அவள் இன்னும் தொலைவான ஊருக்கு மாறியபோது அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பத்து மணி நேரம் என்றிருந்தது. அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. துணி மடிக்கும் மடிப்பக்காவைச் சீண்டுவதற்கும் அதுவே ஆயிற்று. "நீ இந்த மூட்டையை மடிச்சு முடிக்கறதுக்குள்ள என் பொண்ணு வந்து எறங்கிடுவாடி."

புது ஊரிலிருந்து மகள் ஒருமுறைகூட வந்ததில்லை. முந்தாநாள் அந்த உருளை இயந்திரத்தின் முன்னாலேயே அம்மா சரிந்து விழுந்தாள். விமானத்தில் உட்கார்ந்ததும் மகள் "ஏறிட்டேன்" என்று மட்டும் தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நடுவில் விமானம் மாறும் ஊரில் போன் அணைந்துவிட்டது. சார்ஜர், சரக்கில் ஏற்றிய பெட்டிக்குள் போயிருந்தது.

"ஏறிட்டேன்னு சொன்னே. நீ செஞ்ச அந்த இணையப் பக்கத்துலதான் பார்த்தேன், பத்து மணி நேரம்னு இருந்துச்சு. அதை நம்பித்தான் காலையில எடுக்கறதுன்னு சொன்னேன்" என்றான் தம்பி. "ஆளும் இல்ல, போனும் இல்ல. வர மனசில்லாம எங்கயோ ரூம் போட்டுத் தூங்கறேன்னு நெனச்சேன்."

"அது நேர்கோட்டுத் தூரம்டா. அதை விமானத்தோட வேகத்தால வகுத்த கணக்கு. அங்கேருந்து இங்க நேரா விமானமே கிடையாது. நடுவுல முக்கால் நாள் உக்காந்திருந்தேன்."

"அப்போ பத்து மணி நேரத்துல யாராலதான் வர முடியும்?"

"யாராலயும் முடியாது."

நாற்காலி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

"மடிப்பக்கா காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினாங்கக்கா. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கலாம்னு. நான்தான் முடியவே முடியாதுன்னு..."

அவனைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை அவளுக்கு. ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"கடைசியில அம்மா முகம் எப்படிடா இருந்துச்சு?"



"தெரியலக்கா. முகத்தை மூடுற வரைக்கும் நான் வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."