ஆட்டுத்தோல் பூட்ஸ்

என் அத்தையின் கணவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். கல்யாணமான கையோடு அத்தையைத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். எண்பதுகளின் நடுவில் ஒரு முறை, அக்னி நட்சத்திர வெயிலில் வந்து இறங்கியவர், அத்தைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். வெளியே தோல், உள்ளே அடர்ந்த ஆட்டு ரோமம்.

தெருப் பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூலிக்காரர்கள் குளிருக்குத் தோலைக் காலில் சுற்றிக்கொண்டதுதான் இதன் ஆரம்பமாம். பிறகு கடலில் பலகைமேல் நின்று சறுக்கும் இளவட்டங்கள், கரையேறியதும் விறைத்த காலை இதற்குள் நுழைத்துக்கொண்டார்களாம். இப்போது அங்கே எங்கே பார்த்தாலும் இதுதானாம்.

"இந்த வெயில்ல இத மாட்டிக்கினு எங்கங்க போறது?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்.

"அங்கெல்லாம் பொம்பளைங்க ஊட்டுக்குள்ளயே போட்டுக்கினு கீறாங்க" என்றார் மாமா.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு பூட்ஸை மடியில் வைத்து உள்ளே கைவிட்டேன். மேலே பஞ்சு மாதிரி இருந்த ரோமம் அடியில் அமுங்கிக் கிடந்தது. குதிகாலுக்கு ஒரு குழி. விரல்களுக்குச் சின்னச் சின்னக் குழிகள்.

"அத்தை, இதுக்குள்ள யாரு காலோ கீது!" என்று கத்தினேன்.

மாமா வாசலைப் பார்த்தார். அத்தைதான் முந்திக்கொண்டாள். "கடையில நாலு பேரு போட்டுப் பாத்திருப்பாங்கடி. அதுக்கு இன்னா இப்போ?" என் மடியிலிருந்து அதைப் பிடுங்கிக் காலைத் திணித்தாள். அவள் கால் பெரியது. குதிகால் இறங்கவே இல்லை.

"சரியாத்தான் கீது" என்றாள்.

ஒரு மாசம் லீவு என்று வந்த மாமா மறுநாளே கிளம்பினார். அத்தை அந்த பூட்ஸைக் காலில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவர்கூட நடந்தாள். நானும் போனேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கழட்டித் தொலையேன்" என்று மாமா பாதி வழியில் கெஞ்சினார். அவள் நடையை இன்னும் எட்டிப் போட்டாள். மெட்ராஸ் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவரை நாங்கள் பார்த்தது அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்து கழற்றியபோது இரண்டு குதிகாலும் உரிந்து, ரோமமெல்லாம் ரத்தம். அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். அத்தை அழவில்லை. செருப்புக் கடிக்கா இத்தனை அழுகை என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாட ஓடிவிட்டேன்.