கட்டைவிரல்

அவரை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், எம்.கே.பி. நகரில் ஒரு சாவு வீட்டில். செத்தவன் தண்டையார்பேட்டை குடோனில் என்னோடு மூட்டை தூக்கியவன். குடித்துக் குடித்தே போனான். பௌத்தக் குடும்பம் என்பதால் சடங்கு நடத்த இவர் வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, சிரித்துப் பழகாத வாய்.

புத்தம் சரணம் சொல்லி முடித்துப் பஞ்சசீலத்துக்கு வந்தார். ஒவ்வொரு சீலத்துக்கும் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே போனார். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன், தகாத உறவு கொள்ள மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் திருப்பிச் சொன்னோம். ஐந்தாவதாக 'குடிக்க மாட்டேன்' என்றதும் கூட்டம் முனகியது. காலையிலிருந்தே அங்கே பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டைவிரலை நீட்டியபடியே அவர் நிறுத்திவிட்டார். "குடிச்சவன் எவனும் பொணத்தத் தொடக் கூடாது. தள்ளி நில்லு."

தம்பி, தோஸ்து, எல்லோரும் தள்ளி நின்றோம். தூக்க ஆளில்லாமல் பிணம் வெயிலில் கிடந்தது. ஈ மொய்த்தது.

செத்தவன் பொண்டாட்டி எழுந்து வந்தாள். "இந்தாளும் குடிச்சித்தான செத்தாரு? இவர மட்டும் நீ இன்னாத்துக்குண்ணா தொடுற?"

"இனிமே குடிக்க மாட்டான்மா. இந்தத் தெருவுல அஞ்சு சீலத்தையும் காப்பாத்திகினு கீறவன் இவன் ஒருத்தன்தான்."

அவள் அழவில்லை. அவளும், இரண்டு நாத்தனார்களும், அவருமாகப் பாடையைத் தூக்கினார்கள். ஈவிரக்கம் இல்லாத ஆள் என்று தெருவே திட்டியது, நானும்தான். மூங்கிலைப் பிடித்தபோதுதான் அவருடைய கட்டைவிரல் மடங்கியது.