கோபுரம் அதிர்ந்தபோது

நான் எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மனைவியின் கண் வைத்தியத்துக்கு கடல் தாண்டி மெயின்லேண்ட் போனபோது, அங்கே ஒரு பெரிய தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறினோம். குறுகலான சுழல் படி. பாதி ஏறியதும் மணி அடித்தது, காலடியில் படி அதிர்ந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவில் தரை ஆடினால் மேட்டுக்குத்தான் ஓடுவோம்.

"பூகம்பம்! மேலே ஓடுங்க!" என்று கத்தி அவளை இழுத்தேன். மேலே இருந்தவர்கள் பயந்து கீழே பாய்ந்தார்கள். நெரிசலில் அவள் கால் சறுக்கியது. பின்னால் வந்தவர் தாங்கிப் பிடித்தார்.

"அரே, மணி அடிக்குதுங்க! நிஜமாவே ஆடினாலும் கோபுர உச்சிக்கா ஓடுவாங்க?" என்றாள்.

நிஜமாக ஆடியிருந்தால் நானே அவளைச் சாகக் கூட்டிப்போயிருப்பேன். இப்போதெல்லாம் எந்த மாடி ஏறுவதற்கு முன்பும், ஆடினால் எந்தப் பக்கம் போகலாம் என்று அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.