மூன்று வீட்டுக்கு ஒரு பொன்மொழி

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. வரிசையில் நிற்க மாட்டேன். தேநீரை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். அப்படிப்பட்ட நான்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஊரில் இருந்த என் மனைவிக்குப் பொறுமையைப் பற்றி எழுதினேன்.

அப்போது கடல் கடந்து வந்து, துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி வேலை. சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியறையில், ஊரில் ஒரே தெருக்காரர்களான நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். மூவருக்கும் மனைவி ஊரில். கல்யாணமான மாதமே கப்பலேறியவன் நான். அவளோடு முழுசாகப் பேசிக்கூடப் பார்த்ததில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் பேனா நகராது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், போகிற பஸ்ஸைப் பார்ப்பேன், திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுவேன்.

கைகொடுத்தது மளிகைக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். ஒவ்வொரு தாளிலும் ராகுகாலத்துக்குக் கீழே ஒரு பொன்மொழி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கடிதத்தாளோடு உட்காருவோம்.

“அண்ணே, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?”

எங்களில் மூத்தவர் தாளைக் கிழித்து உரக்கப் படிப்பார். “பொறுத்தார் பூமி ஆள்வார்.”

“நல்லாத்தான் இருக்கு லா. எழுதிட வேண்டியதுதான்” என்றான் மூன்றாமவன்.

மூவரும் எழுதினோம். அதைச் சுற்றி நாலு வரி விளக்கம் சேர்த்தால் பக்கம் நிறைந்துவிடும். எனக்கு அது வேறு விதத்திலும் வசதி. அவள் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரே கேள்வி கேட்பாள்: “என்னை எப்போது கூப்பிட்டுக்கொள்வீர்கள்?” தனி அறை பிடிக்க வேண்டும், சட்டிபானை வாங்க வேண்டும், இந்த ஊர் அவளுக்குப் பிடிக்குமோ, என்னையே பிடிக்குமோ என்று நினைத்ததுமே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். அதனால் பதிலுக்குப் பதில் பொன்மொழி போனது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு கப்பல் தபால் வந்தும் எனக்கு இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கிடங்கிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி ஓடிவருவேன். சாயங்காலம் தேக்காச் சந்தை வரை நடப்பேன், ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். “உக்காருடா, தரை தேயுது” என்று மூத்தவர் கத்தினார். உட்கார முடிந்தால்தானே!

கடைசியில் வந்தது. நின்றுகொண்டே பிரித்தேன்.

“தபால்காரர் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்தார். மற்ற இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். நான்தான் படித்துக் காட்டினேன். மூன்றிலும் பொறுத்தார் பூமி ஆள்வார். இருப்பது ஒரு பூமி, நாங்கள் மூன்று பேர் எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டு அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்குப் பூமி வேண்டாம். நீங்கள் படுக்கிற இடத்தில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.”

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படித் தோன்றியதில்லை.

அன்றைக்கே அறை தேடக் கிளம்பினேன். தேக்காச் சந்தைக்குப் பின்னால் துணிக்கடை பாய் ஒருவரின் மாடியில் இரண்டு அறை காலியாக இருந்தன. சாலையைப் பார்த்த அறைக்கு ஆசைப்பட்டேன். “வீட்டுல வர்றாங்கன்னா குழாய்ப் பக்கத்து அறைய எடுங்க தம்பி. தண்ணி தூக்கி அலைய வேணாம்ல” என்றார் பாய். அதையே எடுத்தேன்.

அன்று காலண்டர் பக்கமே திரும்பவில்லை. பேனாவும் நிற்கவில்லை. “அறை பிடித்துவிட்டேன். ஒரு ஜன்னல். மீன் வாடை வரும். குழாய் வாசலிலேயே இருக்கிறது. இரண்டு பாய் விரிக்கலாம், அளந்து பார்த்தேன். சீக்கிரம் வா. என்னால் முடியவில்லை.”

வந்த பதில் ஒரு சின்னத் தாள். தை மாதக் கப்பலில் அவள் அண்ணன் ஏற்றிவிடுகிறார் என்று இருந்தது. தைக்கு இன்னும் மூன்று மாதம்! பதறிப்போய்த் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில், குண்டு குண்டான அவள் கையெழுத்தில் எழுதியிருந்தாள்:

“பொறுத்தார் பூமி ஆள்வார்.”